கணித சேரும் கணிதத்தில் பெயில்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். இல்லாதவர்கள் லைக் போட்டு விட்டுப் போனாலும் கோபமில்லை.

போன கிழமை சந்தித் தேநீர்க் கடையில் ஒரு காக்கா கேட்டார்: "நீங்க படிச்சி முடிச்சி எஞ்சினியராகி வேலைக்குப் போற நேரம், பென்சனுக்கும் போயிருவீங்களே சேர்?" கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். கேள்வியில் பிழையில்லை. ஆனால் அதே கேள்வியை ஊரில் பல பேர் பல விதமாகக் கேட்கிறீர்கள். அதோடு "எங்களுக்கும் ஆசை, எப்படிச் சேருவது" என்று இன்பொக்ஸில் வருகிற தம்பி தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி விடுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் ஆசிரியர், பதினைந்து வருடமாக ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவர். ஒருவர் அரச அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊருக்கே அவர் ரீ.ஓ.தான், சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கு மட்டும் ஞாபகமிருக்கும். மற்றவர் கட்டாரில் கட்டட வரைபடம் கீறும் வேலை செய்தவர். மூவரும் ஒரே பாடசாலை, ஒரே வகுப்பு, 2005 ஏ.எல். கணிதப் பிரிவு. இப்போது மூவருக்கும் நாற்பது எட்டிப் பார்க்கிறது. பொறியியல் படிக்கிறோம்.

ஏன் பொறியியல்? "சேர் ஒரு பி.எட். செஞ்சா போதுமே, பதவி உயர்வாவது கிடைக்கும்" என்று சொன்னவர்கள் அதிகம். நல்ல புத்திதான். ஆனால் இது பதவி உயர்வுக் கணக்கில் தொடங்கிய விசயமில்லை.

2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை. நம்மூருக்கு அந்தக் காலையை விளக்கத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது நம்ம அம்பாறை மாவட்டம். எங்கள் வகுப்பில் மட்டும் எத்தனை கதிரை வெறுமையானது என்று எங்களுக்குத்தான் தெரியும், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. பாடசாலை திறக்காத அந்த நாட்களில், வீடுகளைப் பரிசோதிக்க வெளியூரிலிருந்து பொறியியலாளர்கள் வந்தார்கள். அளவு நாடாவின் மறு நுனியைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் பிடித்தோம். மூன்று கிழமை பிடித்தோம்.

வந்தவர்களில் ஒருவர் கையில் சின்னச் சுத்தியலோடு திரிவார். நின்ற வீடுகளின் தூண்களில் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். ஒரே வரிசையில் இருந்த வீடுகளில் தூணும் பீமும் ஒழுங்காகக் கம்பி கட்டிப் போட்ட வீடு நின்றிருக்கும். வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய வீடு அத்திவாரம் மட்டும் காட்டிக் கொண்டிருக்கும். உடைந்த ஒரு தூணில் கொங்கிறீட் செதில் செதிலாகக் கழன்று, உள்ளே கம்பி கறள் பிடித்துக் கிடந்தது. "இது சுனாமி செஞ்ச வேலையில்ல தம்பி, கடல் மண்ணைப் போட்டிருக்காங்க. உப்பு ஏற்கனவே உள்ளுக்கு இருந்திரிக்கி" என்றார். இரும்பு கறளானால் அது முன்னர் பிடித்த இடத்தை விடக் கூடுதலான இடம் கேட்கும், அதனால்தான் கொங்கிறீட்டை உள்ளிருந்து வெடிக்கச் செய்கிறது என்று அவர் சொன்னதைத்தான் பதினெட்டு வருடம் கழித்து எங்கள் பாடப் புத்தகத்தில் படித்தோம்.

ஒரு கிழவி உம்மா தன் வீட்டுக்குள் திரும்பிப் போகப் பயந்து வாசலில் பாய் போட்டுக் கிடந்தா. அவர் எல்லாத் தூணையும் தட்டிப் பார்த்து விட்டு, "உம்மா, இந்த வீடு நிக்கும். நீங்க உள்ளுக்குப் படுங்க" என்றார். அந்த மனிசி பாயைச் சுருட்டிக் கொண்டு எழும்பி உள்ளே போனதைப் பார்த்த இரவுதான், நாங்கள் மூன்று பேரும் எஞ்சினியராகுவது என்று தீர்மானித்தது. பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கடலோரத்துக்குக் கோடு வந்தது. எங்கள் நாடாவின் நுனி யாருடைய வீட்டில் போய் விழுகிறது என்று சனம் பார்த்துக் கொண்டு நின்றது. அளப்பது லேசான வேலையில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

ஏ.எல். எழுதினோம். மூவரும் மூன்று பாடத்திலும் சித்தி. மூவருக்கும் வெட்டுப்புள்ளி வரவில்லை. தசமத்துக்குப் பின்னால் வருகிற இலக்கங்களில் எங்கள் காலம் முடிந்தது. அப்போது ஏ.எல். பெறுபேற்றோடு போகக்கூடிய பொறியியல் பீடங்கள் பேராதனை, மொறட்டுவை, றுகுணு என்று மூன்றுதான். ஒலுவிலில் பொறியியல் பீடம் வர இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தது. திரும்ப எழுத வீட்டு நிலைமை விடவில்லை. ஒருவர் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிக்கு, ஒருவர் தொழில்நுட்பக் கல்லூரிக்கு, ஒருவர் விமான நிலையத்துக்கு.

2018இல் கட்டார்காரர் வந்து இறங்கினார். "மச்சான், அங்க நான் கீறுற பிளானில கையெழுத்துப் போடுறவன் என்னை விட பத்து வயசு குறைஞ்சவன்" என்று தொடங்கினார். அந்தப் பேச்சு நின்ற இடம் நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது. தொழில் செய்து கொண்டே படிக்கலாம், வயது தடையில்லை. எங்கள் பழைய ஏ.எல். சான்றிதழ்கள் மூன்றும் செல்லுபடியாகும் என்று தெரிந்த அன்று ரீ.ஓ. வீட்டு விறாந்தையில் புரியாணி.

2019இல் அலுவல்கள் தொடங்கின. அந்த வருட ஏப்ரல் 21க்குப் பிறகு நம்ம பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போவது எப்படியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அடையாள அட்டையில் பெயரையும் ஊரையும் பார்த்தால் பைகளைக் கொட்டச் சொல்வார்கள். இரும்பு அளவுகோல், நாடா, கல்குலேட்டர் எல்லாம் வீதியோரத்தில் பரவிக் கிடக்கும். தாடியோடு மூன்று நடுத்தர வயதுக்காரர்கள், "நாங்க ஸ்டூடன்ட்" என்று சொன்னால் யார் நம்புவார்? நாங்களே நம்பவில்லை. ஆனால் இதையும் எழுத வேண்டும்: முதல் நாள் வகுப்பில் எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த குருநாகல் பொடியன், எங்கள் மூத்த மகளை விட ஏழெட்டு வயதுதான் கூட, மதியச் சாப்பாட்டு நேரம் வந்து "அய்யே, இந்த வெக்டர் கணக்கை விளங்கப்படுத்துங்க" என்று சிங்களத்தில் கேட்டு உட்கார்ந்து விட்டான். அன்றிலிருந்து ஆய்வுகூட அறிக்கைகளின் ஆங்கிலத்தை அவன் திருத்தித் தருகிறான். கணக்கு எங்கள் பக்கம்.

ஆங்கிலம் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் தகைப்பு, விகாரம், திருப்பம், வகையீடு, தாயம் என்று தமிழில் படித்தவர்கள். விசயம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயர் தெரியாது. விரிவுரையில் ஒரு சொல் விழும். அது எங்கேயோ சந்தித்த ஆள் மாதிரி இருக்கும். அதை அடையாளம் கண்டு பிடிப்பதற்குள் விரிவுரையாளர் மூன்று வரி தாண்டியிருப்பார். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு எழுதி எழுதி ஆறு மாதத்தில் அது தீர்ந்தது. ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குகிற தம்பிமாருக்குச் சொல்கிறோம், அது ஆறு மாதப் பிரச்சினை.

தீராத பிரச்சினை வேறு.

முதலாவது பொறியியற் கணிதப் பரீட்சை. இங்கே ஒரு விளக்கம்: திறந்த பல்கலைக்கழகத்தில் நேராகப் போய் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. வருடம் முழுவதும் ஒப்படைகளும் இடைப் பரீட்சைகளும் இருக்கும். அதில் தேறினால்தான் இறுதிப் பரீட்சை மண்டபம். நாங்கள் மூவரும் தேறினோம். எழுதினோம். பெறுபேறு வந்தது. எங்களில் இரண்டு பேர் பாஸ். ஒருவர் பெயில்.

பெயிலானவர் கணித ஆசிரியர். இந்தப் பதிவை எழுதுகிற விரலும் அவருடையதுதான். "நாங்கள்" என்று எழுதுவதில் இந்த வசதி இருக்கிறது, கொஞ்சம் ஒளிந்து கொள்ளலாம்.

காரணம் தேட வேண்டியதில்லை. மற்ற இருவருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள் படித்தது என்று நினைத்து விட்டார். பயிற்சிக் கணக்குகளைச் செய்து பார்க்காமல், பார்த்து மட்டும் தலையாட்டினார். பரீட்சையில் லாப்லாஸ் உருமாற்றம் வந்தது, வகையீட்டுச் சமன்பாடு வந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள், ஒன்றும் கை கொடுக்கவில்லை. பத்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் "சேர், சேர்" என்று கேட்டுப் பழகிய மனிசனுக்கு "எனக்கு இது தெரியாது" என்ற ஒரு வசனம் வாயில் வராமல் போயிருந்தது. மற்ற இருவருக்கும் அது வந்தது. அவர்கள் குருநாகல் பொடியனிடமே கேட்டுப் படித்தார்கள்.

ஊர் சின்னது. அடுத்த நாள் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பினான். "சேர், நீங்க மெத்ஸ்ல பெயிலாமே?"

"ஓம் மகன்."

"அப்ப சேர், நீங்களும் பின் வாங்குக்குப் போறீங்களா?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவன் நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். ஏனென்றால் அந்த வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. தவணைப் பரீட்சையில் 35 புள்ளிக்குக் கீழே எடுத்தவர்கள் அடுத்த தவணை முழுக்கப் பின் வாங்கில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்க வேண்டாம். பத்து வருடத்தில் எத்தனை பிள்ளைகள் அந்த வாங்கில் இருந்து எழும்பிப் போனார்கள், அவர்கள் அங்கே என்னதான் கேட்டார்கள், கரும்பலகை அங்கிருந்து தெரியுமா என்று ஒரு நாளாவது போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்று மணி அடித்த பிறகு உட்கார்ந்து பார்த்தோம். ஜன்னல் வெளிச்சம் விழுந்து கரும்பலகையின் இடது பாதி பளபளக்கிறது. ஒரு எழுத்துத் தெரியவில்லை.

சட்டம் அன்றோடு முடிந்தது. ஆனால் பழைய கணக்கு ஒன்று பாக்கியிருந்தது.

கொங்கிறீட் பற்றிய பாடம் வந்தபோது ஆய்வுகூடத்தில் சிலம்ப் சோதனை செய்தோம். 300 மில்லிமீற்றர் உயரமான இரும்புக் கூம்பில் மூன்று படையாகக் கலவையைப் போட்டு, ஒவ்வொரு படைக்கும் 25 தரம் கம்பியால் குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்கினால் கலவை எவ்வளவு அமர்கிறது என்று அளப்பது. கூட அமர்ந்தால் தண்ணீர் கூட. தண்ணீர் கூடினால் காய்ந்த பிறகு பலம் குறைவு. 150 மில்லிமீற்றர் கன சதுரமாக வார்த்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பது அதற்குத்தான். எல்லாம் எழுதி முடித்து ஊருக்கு வந்தபோது ரீ.ஓ. சொன்னார், "இதை நம்மூர்ச் சிலாப் ஒண்டில பார்க்கணும் மச்சான்."

பக்கத்துத் தெருவில் சிலாப் போட ஆயத்தம் நடந்தது. மேசன் யார் என்று போய்ப் பார்த்தால் பின் வாங்கில் இருந்த பிள்ளை. ஓ.எல். கணிதம் இரண்டு முறையும் பெயில். ஒரு நாள் வகுப்பில் அவனிடம் "உனக்கு இது வராது, நீ மண் சுமக்கத்தான் சரி" என்று சொன்னது எங்களுக்கு நன்றாக ஞாபகம். இப்போது முப்பது வயது, அவனுக்குக் கீழே எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

வீட்டுக்காரர் அவனிடம் சாமான் கணக்குக் கேட்டுக் கொண்டு நின்றார். இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை. அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "சரியா ஒரு கியூப் கொங்கிறீட். பதினெட்டு பேக் சீமெந்து, அரைக் கியூப் மணல், கல்லு ஒரு கியூப்புக்குக் கொஞ்சம் குறைய. வீணாப் போறதுக்கு மேலால ஒரு பேக் வைங்க." எடுத்த நேரம் ஒரு மூச்சு.

நாங்கள் போனை எடுத்துக் கணக்குப் போட்டோம். இருபது தரம் பன்னிரண்டு தரம் ஐந்து, பன்னிரண்டால் பிரித்தால் நூறு கன அடி. அது சரியாக ஒரு கியூப். கலவை இறுகிச் சுருங்குவதற்காக 154 ஆக்கி, ஏழு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு சீமெந்தை பேக் கணக்குக்கு மாற்றினால் 17.9. மணல் 44 கன அடி, கல் 88. விகிதம், கனவளவு, அலகு மாற்றம். மூன்றும் ஓ.எல். வினாத்தாளில் வருகிற பாடம். எங்கள் வகுப்பில் அவன் தொடர்ந்து தோற்ற பாடமும் அதுதான்.

ரீ.ஓ. தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அவன் கலவையை ஒரு பிடி எடுத்து உருட்டிக் காட்டினான். "உருண்டை நிக்கணும் சேர், விரல் இடுக்கால தண்ணி ஓடக் கூடா. கூடத் தண்ணி விட்டா லேசா வழியும், வேலை சுறுக்கா முடியும், பிறகு வெடிக்கும். எனக்குத் தெரியிம். ஆனா பின்னேரம் ஆகினா பொடியன்மார் களைச்சி, நான் அங்கால திரும்பினா ஒரு வாளி ஊத்திருவானுகள். அதால நான் பைப்படியிலதான் நிக்கிற." கூம்பில்லாத சிலம்ப் சோதனை அது. ஆய்வுகூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தராத பகுதி அந்தக் கடைசி வசனம்.

வேலை தொடங்கியதும் எங்களில் ஆசிரியர் அவனைக் கொஞ்சம் ஒதுக்கிக் கூப்பிட்டு, "மகன், உன்ட விசயத்தில நான் பெரிய பிழை ஒண்டு விட்டுட்டன்" என்று தொடங்கினார். அவன் கையைச் சாரத்தில் துடைத்தான். என்ன விசயம் என்று கேட்கவில்லை. அதனால் அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது என்று விளங்கியது. "சேர், கலவை ஊத்திட்டு நிண்டு கதைக்கேலா. பிறகு ஒரு நாளைக்கி வாங்க" என்று சொல்லி விட்டு ஏணியில் ஏறி விட்டான். அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை. ஆனால் அவனுடைய மூத்த மகன் இந்த வருடம் தரம் 6க்கு எங்கள் பாடசாலைக்கு வந்திருக்கிறான். வேறு பாடசாலை இருந்தும் இங்கேதான் கொண்டு வந்து விட்டிருக்கிறான்.

2022ஐப் பற்றி நீட்ட விரும்பவில்லை. பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, பெற்றோலுக்கு விடிய விடிய வரிசை. வரிசையில் நின்று கொண்டே ஒப்படை எழுதினோம், அதுவும் ஒரு கம்பஸ். அந்த வருடம் எங்களில் ஒருவர் விழுந்தார். கட்டார்காரருடைய வாப்பாவுக்குச் சிறுநீரகம், கிழமைக்கு இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்பு. மருந்துச் செலவு மூன்று மடங்கு. அவர் திரும்பவும் விமானம் ஏறினார். எங்கள் மூவரில் நன்றாகப் படித்தவர் அவர்தான், இதை முகஸ்துதிக்குச் சொல்லவில்லை, புள்ளிகளைப் பார்த்தால் தெரியும். அவருடைய புத்தகங்கள் ரீ.ஓ. வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. டோஹாவில் வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்கு வட்ஸ்அப்பில் எடுத்து "இப்ப எந்தப் பாடம் போகுது?" என்று கேட்பார். நாங்கள் சொல்வோம். கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. பிறகு கணக்கு ஒன்றைக் கேட்பார். ஆகவே யாராவது "மனசு வச்சா எல்லாம் முடியும்" என்று எங்கள் பதிவுக்குக் கீழே எழுத நினைத்தால் தயவு செய்து எழுத வேண்டாம். அவர் இதை வாசிக்கிறார். அவருக்கு மனசு இருந்தது.

எங்கள் இரண்டு வீட்டிலும் இருக்கிறவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அநியாயம். கட்டணம் கட்டுவதற்குக் காப்பு இரண்டு முறை ஈடு போனது. சனி ஞாயிறில் கலியாண வீடு, மையித்து வீடு என்று எல்லா இடத்துக்கும் அவர்களே போய், "அவருக்கு வகுப்பு" என்று எங்களுக்காகச் சொல்லிச் சொல்லி வெட்கப்பட்டதும் அவர்கள்தான். "கலியாணத்துக்கு முன்னுக்கே படிச்சிருந்தா இந்தக் கஸ்டமில்லையே" என்ற வசனம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. பதில் இல்லை. ஓ.எல். எழுதுகிற மகளும் வாப்பாவும் ஒரே மேசையில் ஒரே மின்குமிழுக்குக் கீழே படிக்கிறோம். அவள் இப்போது எங்களைத் திருத்துகிறாள்: "வாப்பா, நீங்க செஞ்சி பார்க்காம பார்த்துக் கொண்டு மட்டும் இரிக்கிறீங்க."

அந்தக் கணிதத்தை இரண்டாம் தடவை எழுதிப் பாஸாகினோம், அல்ஹம்துலில்லாஹ். பெரிய புள்ளியில்லை. படிப்பில் பாதியைத் தாண்டி விட்டோம். கடைசி வருடச் செயற்றிட்டத்துக்கு நம்ம கடலோரத்து வீடுகளின் தூண்களைத்தான் எடுக்க யோசிக்கிறோம், இன்ஷா அல்லாஹ். சுனாமிக்குப் பிறகு அவசரம் அவசரமாகக் கட்டியவற்றில் எதில் கம்பி கறள் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுத் தூணில் நெடுக்காக வெடிப்பு விட்டு, கறள் நிறத்தில் கறை வடிந்தால் பூச்சு மட்டும் பூசி மறைக்காதீர்கள், எங்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சுத்தியலோடு வருவோம். "நிக்கும்" என்று சொல்லுகிற தகுதி இன்னும் எங்களுக்கு வரவில்லை, பார்த்து எழுதி, தகுதியானவரிடம் கொடுப்போம்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: பழைய வினாத்தாள்கள், இரண்டு நிரல் சொற்கொப்பி, முதல் வருடப் புத்தகங்கள் இருக்கின்றன. இஷாவுக்குப் பிறகு ரீ.ஓ. வீட்டு விறாந்தைக்கு வாருங்கள், சகோதரிகளும் வாப்பாவோடோ காக்காவோடோ வரலாம். அலுமாரியின் மேல் தட்டுப் புத்தகங்களை மட்டும் கேட்க வேண்டாம், அவை கட்டார்காரருடையவை. வருகிற வெள்ளிக்கிழமையும் வேண்டாம். அன்றிரவு பஸ் ஏறுகிறோம், சனிக்கிழமை காலை ஆய்வுகூடம். துஆச் செய்யுங்கள்.